பதினெட்டு ஆண்டுகள் போர்த்தியிருந்த சிலை

ஆனேக்கல் என்ற ஊர்ப் பெயர் நம்மவர் காதில் 'யானைக்கல்' என்றுதான் விழுகிறது. கன்னடத்தில் 'ஆனே' என்றால் யானைதான். ஆனால் 'ஆனேகல்லு' என்று சேர்த்துச் சொன்னால், மழையோடு விழுகிற ஆலங்கட்டிக்கும் அதே பெயர். ஊர்ப் பெயர் அந்த ஆலங்கட்டியிலிருந்து வந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. கல் ஒன்றுதான்; கேட்கிற காதுக்கு ஏற்பப் பொருள் மாறுகிறது.

கல்லைப் பற்றிப் பேச இந்தத் தாலுகா மிகவும் பொருத்தமான இடம். ஜிகணிப் பக்கம் போனால் கிரானைட் அறுக்கும் ஆலைகளின் இரைச்சல் சாலைவரை கேட்கும். பாறையாக லாரியில் வந்து இறங்குவது, மெருகேறிய பலகையாகத் திரும்பிப் போகும். சமையலறை மேடையாகும், கட்டிடங்களுக்குத் தரையாகும், கல்லறைப் பலகையாகக் கப்பலேறும். அந்த ஆலைகளில் தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்துக் கைகள் எத்தனையோ உண்டு. அவர்களில் ஒருவரிடம், "நாள் முழுக்கக் கல்லோடு புழங்குகிறீர்களே, இதில் எதையாவது பார்த்துக் கை கூப்பத் தோன்றியிருக்கிறதா?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"இங்கே கிடப்பது சரக்கு சார். ஊர் எல்லையில நிற்கிறது சாமி" என்றார் பட்டென்று.

சரக்கு எப்போது சாமியாகிறது? சிற்பிகளைக் கேட்டால் அதற்கு ஒரு விடை சொல்வார்கள். கை, கால், ஆடை, அணி எல்லாம் செதுக்கி முடித்த பிறகு, கடைசியாகத்தான் கண் திறப்பார்கள். கண் திறக்கும் வரை அது கல். திறந்த பின் அதை மிதிக்கக் கூடாது. கவிழ்த்துப் போடக் கூடாது. உளி அதே உளிதான். கல்லும் அதே கல்தான். பார்க்கிற மனிதனின் மனம்தான் மாறிவிடுகிறது.

சாமிக்கு உள்ள இந்தக் கதை, மனிதருக்கு வைக்கிற சிலைக்கும் உண்டு. அதுவும், பிழைக்க வந்த மண்ணில் நம்முடைய ஒருவருக்குச் சிலை என்றால் அதில் எத்தனை மானமும் எத்தனை அச்சமும் கலந்துவிடுகின்றன என்பதற்குப் பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையைவிடச் சிறந்த சாட்சி கிடையாது.

நடுகல்லும் வீரகல்லும்

சிலை வைப்பது இந்தக் காலத்து அரசியல்வாதிகள் கண்டுபிடித்த வழக்கம் என்று சிலர் அலுத்துக்கொள்வதுண்டு. அப்படியில்லை. மாடுகளை மீட்கப் போய் மாண்டவனுக்கும், ஊரைக் காத்து விழுந்தவனுக்கும் கல் நட்டுப் பெயர் பொறித்துப் படையல் இட்டவர்கள் நம் முன்னோர். கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் வாழ்த்துவது வரை அதற்கான முறையைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்துகிறது. கண்ணகிக்காகச் சேரன் செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல் கொண்டுவந்த கதையைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் இன்றும் நடுகற்களைக் காணலாம்.

எல்லை தாண்டி இந்தப் பக்கம் வந்தால் அதற்கே 'வீரகல்லு' என்று பெயர். ஓசூர் சாலையை ஒட்டிய பேகூரில் உள்ள நாகேசுவரர் கோயிலில், ஏறக்குறைய 1,100 ஆண்டுகளுக்கு முந்திய கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 'பெங்களூர்ப் போரில்' இறந்த ஒருவனைப் பற்றியது அது. பெங்களூர் என்ற பெயர் வருகிற மிகப் பழைய கல்வெட்டு அதுதான் என்கிறார்கள். இத்தனை பெரிய நகரத்தின் பெயரை நமக்குக் காப்பாற்றித் தந்தது, செத்துப்போன ஒரு போர்வீரனுக்கு நட்ட கல்!

ஆகவே, இறந்தவரைக் கல்லில் நிறுத்தி நன்றி சொல்லும் குணம் தமிழருக்கும் கன்னடியருக்கும் பொதுச் சொத்து. அப்படியிருந்தும் ஒரு சிலைக்காக இரு தரப்பும் பதினெட்டு ஆண்டுகள் முகம் திருப்பி நின்றது எப்படி?

1991-இல் நடந்தது

1950-இல் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தின் முயற்சியில், அல்சூரில் திருவள்ளுவருக்குச் சிலை வைக்க ஏற்பாடு நடந்தது. அல்சூருக்கும் தமிழருக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. 1809-இல் ஆங்கிலேயர் இங்கே தண்டு அமைத்தபோது, அந்தப் படையை ஒட்டி வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். ஆகவே வள்ளுவருக்கு ஏற்ற இடம் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

1991-இல் சிலை நின்றது. ஆனால் திறக்க முடியவில்லை. கன்னட அமைப்புகளிடமிருந்து எதிர்ப்பு வந்தது. சிலையைப் போர்த்தி மூடினார்கள். அதே ஆண்டு ஜூனில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு வந்தது. டிசம்பரில் அது அரசிதழில் வெளியானதும் பெங்களூரில் கலவரம் மூண்டது. கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஓடிய குடும்பங்களின் கதை, இதைப் படிக்கிற பல வீடுகளில் இன்னும் பேசப்படுகிறது. அதன் பிறகு சிலையின் போர்வையை விலக்கச் சொல்ல யாருக்கு வாய் வரும்?

எதிர்த்தவர்களின் பக்கத்தையும் நாம் நேர்மையோடு பார்க்க வேண்டும். "தமிழ்நாட்டில் எங்கள் கவிஞர் எவருக்காவது சிலை உண்டா?" என்று அவர்கள் கேட்டார்கள். தலைநகரிலேயே தங்கள் மொழிக்கு இடம் சுருங்கி வருகிறது என்ற அச்சம் கன்னடியருக்கு இருந்தது. 1980-களின் தொடக்கத்தில் நடந்த கோகாக் கிளர்ச்சி அந்த அச்சத்தில் பிறந்ததே. தாய்மொழிக்கு ஆபத்து என்றால் மனம் என்ன பாடுபடும் என்பதை, 1965-ஐக் கண்ட தமிழருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு குமாஸ்தாவின் கதை

சந்தாபுரத்தில் வாழும் பெரியவர் ஒருவரைச் சந்தித்தேன். தொழிற்சாலை ஒன்றில் குமாஸ்தாவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊர், திருப்பத்தூர்ப் பக்கம். கம்பெனி வேலையாக வாரம் ஒரு முறையாவது பஸ்ஸில் அல்சூர் வழியாகப் போவாராம்.

"ஏரிக்கரை வந்தால் நான் மறுபக்கம் திரும்பிக்கொள்வேன் சார்" என்றார். "பயமா என்று கேட்காதீர்கள். பயம் இல்லை. ஒருவித வெட்கம். வீட்டுக்கு விருந்தாளியாக வந்த தாத்தாவைத் திண்ணையிலேயே நிற்க வைத்த மாதிரி. அவரைப் பார்த்தால் எனக்கு என்ன பதில் இருக்கிறது?"

1991 டிசம்பரில் அவரும் மனைவி மக்களோடு ஓசூருக்குப் போனவர்தான். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது, வீட்டுக் கதவில் அவருடைய பூட்டோடு இன்னொரு பூட்டும் தொங்கியதாம். வீட்டுக்காரக் கன்னட மூதாட்டி தன் பூட்டையும் சேர்த்துப் போட்டு வைத்திருந்தாள். "அந்த அஜ்ஜி ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. 'வாடகை பாக்கி' என்றுதான் முதலில் சொன்னாள்" என்று சிரிக்கிறார் பெரியவர். ஆனால் அந்த இரண்டாவது பூட்டை அவர் மறக்கவில்லை.

பணயப் பொருளான புலவர்

2000-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி இரவு, கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திச் சென்றான். 108 நாள் கழித்து நவம்பர் 15-ஆம் தேதி அவர் விடுதலையானார். அந்த நாட்களில் காட்டிலிருந்து வந்த கோரிக்கைகளில், பெங்களூரில் வள்ளுவர் சிலையைத் திறக்க வேண்டும் என்பதும் ஒன்று.

கொல்லாமையைத் தனி அதிகாரமாக வகுத்தவர் வள்ளுவர். அவருடைய சிலைக்காகத் துப்பாக்கி முனையில் ஒரு முதியவரைப் பிடித்து வைப்பது! பெங்களூர்த் தமிழருக்கு அதைவிடப் பெரிய அவமானம் வேறு இருக்க முடியாது. கன்னடியர் கோடிக்கணக்கில் உயிராய் மதித்த நடிகர் அவர். அந்த 108 நாளும் தொழிற்பேட்டையில் தமிழ் பேசுவதற்கே நம்மவர்கள் தயங்கினார்கள். யார் செய்த குற்றத்துக்கோ குனிந்த தலையோடு நடந்தார்கள். ஒரு சிலையைப் பேரம் பேசும் பொருளாக்கினால், அந்தச் சிலைக்குரியவரே முதலில் சிறுமைப்படுகிறார் என்பதை அன்று கண்டோம்.

நான்கு நாள் இடைவெளியில் இரண்டு சிலைகள்

இறுதியில் வழி திறந்தது எப்படி? போராட்டத்தால் அல்ல, கொடுத்து வாங்கும் ஏற்பாட்டால். 2009 ஆகஸ்டு 9-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, கர்நாடக முதல்வராக இருந்த எடியூரப்பா முன்னிலையில், தமிழக முதல்வராக இருந்த கலைஞர் கருணாநிதி அல்சூரில் வள்ளுவர் சிலையைத் திறந்து வைத்தார். நான்கு நாள் கழித்து ஆகஸ்டு 13-ஆம் தேதி, சென்னை அயனாவரத்தில் கன்னடப் புலவர் சர்வக்ஞரின் சிலையை எடியூரப்பா திறந்து வைத்தார். பதினெட்டு ஆண்டுகளாக அவிழாத முடிச்சு நான்கு நாளில் அவிழ்ந்தது.

நம் பெரியவர் அந்த ஞாயிற்றுக்கிழமை அல்சூருக்குப் போகவில்லை. போலீஸ் பந்தோபஸ்து பலமாக இருக்கும், எதற்கு வம்பு என்று வீட்டிலேயே தொலைக்காட்சியில் பார்த்தாராம். போர்வை விலகியதும் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டதாகச் சொன்னார். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த அஜ்ஜி, "யார் இவர்? எதற்கு இத்தனை அமர்க்களம்?" என்று கன்னடத்தில் கேட்டிருக்கிறாள். என்ன சொல்வது என்று தெரியாமல், "உங்கள் சர்வக்ஞர் மாதிரி எங்களுக்கு இவர்" என்றாராம். "அப்படியா! அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே" என்று சொல்லிவிட்டு, சர்வக்ஞரின் பாட்டு ஒன்றை ராகம் போட்டுப் பாடினாளாம் அந்த மூதாட்டி. பள்ளிக்கூடம் போகாதவள். கேட்டுப் பழகிய பாட்டு.

"முப்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். அன்றைக்குத்தான் ஒரு சர்வக்ஞர் பாட்டை முழுசாகக் கேட்டேன்" என்றார் பெரியவர். அந்த வார்த்தை நமக்கும் சேர்த்துத்தான்.

நெசவாளரும் குயவரும்

அந்த மூதாட்டி பாடிய சர்வக்ஞர் யார்? 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்பார்கள். 'திரிபதி' என்னும் மூன்றடிப் பாக்களில் பாடியவர். ஒவ்வொரு பாட்டும் அவருடைய பெயரில் முடியும். குயவர் குலத்துத் தாய்க்குப் பிறந்தவர் என்றும், ஓடு ஏந்தி ஊர் ஊராக அலைந்தவர் என்றும் கன்னட நாட்டு மரபு சொல்கிறது. நம் மரபுக் கதையில் வள்ளுவர் மயிலாப்பூரில் தறி நெய்தவர். அவர் இரண்டடி, இவர் மூன்றடி. ஒருவர் துணி நெய்யும் வீட்டுக்காரர்; இன்னொருவர் பானை வனையும் வீட்டுக்காரர். இரண்டு மொழிகளும் தங்கள் அறிவுக்கு அடையாளமாக நிறுத்தியிருப்பது உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகளை! இதைவிட நமக்குப் பெருமை எது?

இன்னொன்றும் உண்டு. வள்ளுவர் எப்படி இருந்தார் என்று பார்த்தவர் யாரும் இல்லை. தாடியும் குடுமியும் கையில் சுவடியும் எழுத்தாணியுமாக நாம் அறிந்த அந்த உருவம், ஓவியர் கே.ஆர். வேணுகோபால சர்மாவின் கற்பனையில் பிறந்தது. 1964-இல் அந்தப் படம் தமிழகச் சட்டமன்றத்தில் திறந்து வைக்கப்பட்டது. 2000 ஜனவரி 1-இல் குமரி முனையில் 133 அடி உயரமாய் எழுந்ததும், லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றின் வளாகத்தில் 1996-இல் அமர்ந்ததும் கற்பனை உருவங்களே. முகம் கற்பனை என்று தெரிந்தும் கண் கலங்குகிறதே, ஏன்? அந்த முகத்தில் நாம் தேடுவது வள்ளுவரை மட்டுமில்லை. தமிழ் சொல்லித் தந்த வாத்தியாரை, குறளை மனப்பாடம் செய்யாததற்கு வாங்கிய பிரம்படியை, விட்டு வந்த ஊரைத் தேடுகிறோம். அதனால்தான் அதை மூடினால் நம்மை மூடியதுபோல வலித்தது.

வலிக்க வைக்கும் சிலைகள்

எல்லாச் சிலையும் எல்லோருக்கும் இன்பம் தருவதில்லை. 1857-இல் வட இந்தியாவில் இரக்கமின்றிக் கொன்று குவித்த கர்னல் நீலுக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் சிலை வைத்தார்கள் ஆங்கிலேயர்கள். அதை எடுக்கச் சொல்லி 1927-இல் தமிழ்நாட்டு இளைஞர்கள் சத்தியாக்கிரகம் செய்து சிறை சென்றார்கள். 1937-இல் ராஜாஜி மந்திரிசபை வந்த பிறகே அது அகற்றப்பட்டது. 2020 ஜூனில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், அடிமை வியாபாரத்தில் பணம் சேர்த்த கோல்ஸ்டனின் சிலையை மக்கள் சாய்த்துத் துறைமுகத் தண்ணீரில் தள்ளினார்கள். அது 1895-இல் வைத்த சிலை. நூறாண்டுக்கு மேல் சிலரின் நெஞ்சில் முள்ளாக இருந்திருக்கிறது.

சிலையை அகற்றினாலும் வலி உண்டு. 1968 உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி மெரினாவில் நிறுவிய கண்ணகி சிலை, 2001 டிசம்பரில் அகற்றப்பட்டு, 2006 ஜூன் 3-ஆம் தேதி மீண்டும் நிறுவப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் கடற்கரையில் இருந்த வெற்றிடம், சிலையைவிட அதிகமாகப் பேசப்பட்டது.

வேறொரு வலியும் நம் கண்முன் இருக்கிறது. தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் அம்பேத்கர் சிலையைக் கம்பிக் கூண்டுக்குள் பார்க்கிறோம். அரசியல் சட்டம் எழுதியவருக்குக் காவல் கூண்டு! பெங்களூரில் வள்ளுவரைப் போர்த்தியதற்கு மனம் நொந்த நாம், சொந்த ஊரில் அந்தக் கூண்டை எத்தனை முறை சாதாரணமாகக் கடந்து போயிருக்கிறோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். தன் வீட்டுச் சிலை மூடிக் கிடந்தால் மட்டும் நோகும் மனம் அரை மனம்தான்.

சிலை செய்யாதது எது?

2009-க்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையில் பெங்களூர் மீண்டும் எரிந்தது. பஸ்கள் எல்லையோடு நின்றன. அத்திப்பள்ளியில் இறங்கி, மூட்டையைத் தலையிலும் குழந்தையை இடுப்பிலும் வைத்துக்கொண்டு ஜூஜுவாடி வரை நடந்தவர்களை இந்தத் தாலுகாக்காரர்கள் கண்ணால் கண்டார்கள். வள்ளுவர் அல்சூரில் நின்றுகொண்டுதான் இருந்தார். சர்வக்ஞர் அயனாவரத்தில் நின்றுகொண்டுதான் இருந்தார்.

சிலை கலவரத்தைத் தடுக்காது. வேலை தராது, வாடகை கட்டாது, ரேஷன் கார்டு வாங்கித் தராது. ஆனால் ஒன்று செய்யும். கலவரம் ஓய்ந்த மறுநாள், "இவரும் இந்த ஊரில் இருக்கலாம் என்று ஒரு நாள் நாம் இரு தரப்பும் ஒப்புக்கொண்டோமே" என்று நினைவூட்டும். மற்றவர் மண்ணில் நிற்கிற சிலைக்கு அடியில் இருப்பது வெறும் பீடமில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் சம்மதம். அந்தப் பெரியவரின் கதவில் தொங்கிய இரண்டாவது பூட்டு மாதிரிதான் அதுவும். நாம் போட்ட பூட்டு நம் உரிமை. அவர்கள் சேர்த்துப் போடுகிற பூட்டுதான் பாதுகாப்பு.

மெரினாவில் இன்னொரு சிலை இருக்கிறது. நான்கு பேர் ஒரு பெரும் பாறையை நெம்பித் தள்ளுகிறார்கள். பெயர் கிடையாது, பட்டம் கிடையாது. 1959-இல் நிறுவிய உழைப்பாளர் சிலை. தமிழ்நாட்டுத் தொழிலாளி தன் சிலை என்று உரிமை கொண்டாடுவது அதைத்தான். அதைச் செய்தவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி. வங்காளத்திலிருந்து வந்து சென்னைக் கலைப் பள்ளிக்குத் தலைமை தாங்கியவர். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த ஒருவர், வந்த ஊரின் உழைப்பாளிக்கு முகம் கொடுத்துவிட்டுப் போனார். நாமும் வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள்தானே. இந்த ஊருக்கு நாம் கொடுத்துவிட்டுப் போகப் போவது என்ன?

பெரிதாக ஒன்றும் வேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அல்சூருக்குப் போய் வாருங்கள். 2025 ஆகஸ்டிலிருந்து பொம்மசந்திரம் வரை மெட்ரோ ரயில் ஓடுகிறது, ஆர்.வி. ரோட்டிலும் மெஜஸ்டிக்கிலும் வண்டி மாறினால் அல்சூரில் இறங்கலாம். சிலையைப் பார்த்ததும் பிள்ளை குறள் ஒன்றைச் சொல்லட்டும். திரும்பி வந்து, பக்கத்து வீட்டுக் கன்னடப் பெரியவர் எவரிடமாவது சர்வக்ஞர் பாட்டு ஒன்றைச் சொல்லித் தரச் சொல்லிக் கேளுங்கள். கன்னடப் பள்ளியில் படிக்கிற பிள்ளையாக இருந்தால் உங்களுக்கே அது பொருள் சொல்லும்.

சந்தாபுரத்துப் பெரியவர் இப்போது மாதம் ஒரு முறை அல்சூருக்குப் போகிறார். சந்தேகம் தீராமல் கேட்டேன்: "இப்போதும் ஏரிக்கரை வந்தால் மறுபக்கம் திரும்பிக்கொள்கிறீர்களா?"

"இல்லை சார். இப்போது அந்தப் பக்கத்து ஜன்னல் சீட்டுக்காகக் காத்திருந்து ஏறுகிறேன்" என்றார்.